எலுமிச்சம்பழம் தின்ற மாதம்

கள்ளக்குறிச்சியில் முதன்முதலாகக் கல் அறுக்க மோட்டார் ரம்பம் வைத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். இன்ஜினியர்களே என் பட்டறைக்கு வந்து கைகட்டி நின்றிருக்கிறார்கள். ஆனால் இங்கே எழுத வந்தது என் ரம்பத்தை ஓட்டிய பச்சமுத்துவைப் பற்றி. கல்வராயன் மலையடிவாரத்துக்காரன். ஆளை நான்தான் தேர்ந்தெடுத்தேன். என் கண் தப்பாது.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கல் மேசையேறினால் அதன் தலையில் எலுமிச்சம்பழம் பிழிந்து கும்பிட்டுவிட்டுத்தான் ரம்பத்தை இறக்குவான். கருங்கல்லுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ஒரு வேன் உளுந்தூர்ப்பேட்டையில் வழியில்லாமல் மேற்கே திரும்பி, எங்கள் ஊரில் வந்து நின்றுவிட்டது. இறங்கியவள் அருள்மொழி, ஆராய்ச்சி செய்கிற பெண். பலாப்பழம் அளவு வெள்ளைக் கல் ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பவளப்பாறையாம். நடுவில் ஒரு வில்லை மட்டும் அறுத்துக் கொடுத்தால் சின்னசேலம் வரை இரவல் சைக்கிளில் போய் ரயில் பிடிப்பாளாம். சென்னையில் கல்லை அளக்கிற மெஷினில் அவளுக்குக் கொடுத்த நாள் தவறினால் ஒரு வருசம் காத்திருக்க வேண்டுமாம்.

எதற்கு இந்த அவசரம் என்றேன். கடல் சூடாக இருந்த காலத்தில் கல்லுக்குள் ஒரு சரக்கு கம்மியாகச் சேரும், குளிர்ந்த காலத்தில் ஜாஸ்தியாகச் சேரும், அதை அளந்தால் பழைய வருசங்களின் சூடு தெரியும் என்றாள். கல்லில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சமுத்து பழத்தைப் பிழிந்துவிட்டான். கல் புசுபுசுவென்று நுரைத்தது. அவன் பின்வாங்கினான்.

"மொதலாளி, கல்லு மூச்சு வுடுது."

அருள்மொழி ஓடிவந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். புளிப்பு பட்டால் சுண்ணாம்பு கரையும், இது சின்னஞ்சிறு உயிர்களின் எலும்புக்கூடு என்றாள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"எலும்பை அறுக்கற கை இது இல்லீங்க" என்று சுவிட்சை அணைத்துவிட்டான்.

அதட்டினேன். யார் இந்தப் பட்டறை முதலாளி என்று கேட்டேன். அசையவில்லை. வேறு ரம்பம் எங்கும் இல்லை. இருந்தாலும் மறியலில் கடை யார் திறப்பார்கள்? அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "அண்ணே, உயிர் மேல்தோல்ல மட்டுந்தான் இருந்திச்சு. அப்பன் கட்டின வூட்டு மேல புள்ள வூடு கட்டிக்குமே, அப்படி. கீழே இருக்கறதெல்லாம் காலி வூடுங்க."

அவன் குனிந்து கல்லைத் தட்டிப் பார்த்தான்.

"ஆளில்லாத வூடுன்னா தப்பில்ல. மேல் வூட்ட நான் ஏதோ பண்ணிட்டேனே?"

"மெல்லிசாத்தான் போச்சு. கல்லு ஒரு மாசம் வளந்த அளவு இருக்கும்."

"இன்னா மாசம்?"

"இந்தக் கல்லோட கடைசி மாசம்."

அவன் முகம் இன்னும் குழம்பிப் போயிற்று. ஆனாலும் எழுந்தான். பழத்தைக் கல்லுக்குப் பதில் ரம்பத்தின் சட்டத்தில் பிழிந்து, அதை நன்றாகக் கழுவி, பழம் பட்ட இடத்தை விட்டுத் தள்ளி, அப்பளம்போல் வில்லை எடுத்தான். இதுபோல் அறுப்பு தமிழ்நாட்டில் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். தன் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தான். கீழே கிடந்த புளியமரங்களைத் தாண்டி அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனதை இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். நாள் தவறாமல் சேர்ந்தாளாம். வேன்காரர் பிறகு சொன்னார்.

மிச்சக் கல் பட்டறையிலேயே தங்கிவிட்டது. எலுமிச்சை தின்ற பள்ளம் அதில் இன்னும் இருக்கிறது. சித்திரை வெயிலில் பச்சமுத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைக் கேட்பான்:

"மொதலாளி, கல்லு சுடுது. இந்தச் சூடும் அந்தப் பொண்ணு கணக்குல ஏறுமா?"

ஏறாது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏன் ஏறாது என்று கேட்டால் என்ன சொல்வேன்?