பாதி வரத்துக்கு முழு மொட்டை

போன கார்த்திகை மாதம் என் மைத்துனன் சங்கரனுக்கு வேலை போகப் போகிறது என்று தெரிந்தது. டெல்லியில் ஒருவருக்கு வேலை போவது பெரிய செய்தி அல்ல. ஆனால் வேலையோடு சங்கரனும் போய்விடுவானோ என்று என் மனைவி செண்பகம் பயந்தாள். எனக்கும் அதே பயம்தான். வெளியில் காட்டவில்லை.

சங்கரன் அவளுடைய தம்பி. நாற்பதைத் தாண்டியவன். கல்யாணம் ஆகவில்லை. ஜனக்புரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். திருநெல்வேலியிலிருந்து வந்து அச்சாபீஸ், கூரியர், கேட்டரிங் என்று எல்லாம் பார்த்தான். எதிலும் நிலைக்கவில்லை. குடியில் மட்டும் நிலைத்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்தான். சைரன் போட்டுப் பறக்கும் வண்டி அல்ல. டயாலிசிஸுக்கும் பரிசோதனைக்கும் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வண்டி. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கிழவரை நாற்காலியோடு இறக்கும்போது கை நடுங்கக் கூடாது. அதற்காகவே குடியை விட்டான். நாங்கள் அழுது கெஞ்சியபோது விடாதவன், முன்பின் தெரியாத ஒருவர் விழுந்துவிடக் கூடாது என்று விட்டான்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து. கம்பெனிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஒப்பந்தம் கிடைத்தது. இனி வண்டியில் ஏறும் ஒவ்வொருவரும் பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. மார்ச் முடியும்வரை அவகாசம்.

சங்கரனிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தது. திறந்தநிலைப் பள்ளியில் தனியாக எழுதித் தேறியது. தமிழ், இந்தி, மனையியல், ஓவியம், சமூக அறிவியல். டியூஷன் சென்டர்காரன் ஒருவன் சுலபமான பாடமாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்திருந்தான். தமிழ்நாட்டுப் பையன், தமிழில் தேறாமல் போவானா என்ற கணக்கு. கணக்கை மட்டும் விட்டுவிட்டான், ஆங்கிலத்தையும்.

நான் மத்திய அரசில் துணைச் செயலாளர் பதவிவரை வந்து ஓய்வு பெற்றவன். எந்த விதிக்கும் ஒரு விலக்கு உண்டு, எந்த விலக்குக்கும் ஒரு உத்தரவு உண்டு என்று நம்பி வாழ்ந்தவன். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்குக் கல்வித் தகுதியைத் தளர்த்தக் கோரி நான்கு பக்கத்துக்கு ஒரு முறையீடு எழுதிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். அங்கிருந்த மேனேஜருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. முழுவதும் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அங்கிள், உங்க இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு. உங்களுக்கு வேணும்னா வேலை தர்றேன். அவருக்கு முடியாது."

வெளியே வண்டியருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த சங்கரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தான், உங்களுக்கு எப்ப டூட்டி?" என்றான். அவனிடம் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்த காலம் அது.

திறந்தநிலைப் பள்ளியில் கேட்ட மாதத்திலேயே தேர்வு எழுதும் வசதி உண்டு. இரண்டு பாடத்தையும் கூடுதலாக எழுத விண்ணப்பித்தோம். முருகனிடமும் விண்ணப்பித்தேன். டெல்லியிலேயே இருக்கும் நம் மலைக்கோயில் சன்னிதியில் நின்று, சங்கரன் இரண்டு பாடத்திலும் தேறினால் தலைமுடியைக் காணிக்கையாகத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். 'இரண்டு பாடத்திலும்' என்பதை அழுத்திச் சொன்னேன். நிபந்தனையில் தெளிவில்லாவிட்டால் பின்னால் வழக்கு வரும் என்பது என் அனுபவம். என் தலையில் இருந்த முடியைக் கண்டவர்களுக்கு இதில் முருகனுக்குப் பெரிய லாபமில்லை என்பதும் தெரியும்.

கணக்கு சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் இயற்கணிதம் இருந்ததால் அங்கேயே தொடங்கினேன். முறை என்று ஒன்று இருக்கிறதே. சங்கரன் தலையாட்டினான். நானும் புரிகிறது என்று எடுத்துக்கொண்டேன். அரசாங்கத்தில் தலையாட்டினால் ஒப்புதல் என்றுதான் பொருள்.

முடிவு மார்கழியில் வந்தது. ஆங்கிலத்தில் தேறிவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸுகளோடும் டாக்டர்களோடும் பேசிப் பேசிப் பழகிய ஆங்கிலம் கைகொடுத்தது. கணக்கில் போய்விட்டது. ஓரிரு மதிப்பெண்ணில் போனால் மறுகூட்டலுக்குப் போடலாம். இது எந்த மறுகூட்டலும் காப்பாற்ற முடியாத மதிப்பெண்.

அன்று மாலை அவன் சாப்பிடவில்லை. "என்னை விட்டுருங்கத்தான். ஆளைத் தூக்கத் தெரியும். இது மண்டையில ஏறாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். செண்பகம் பால்கனியில் நின்றுகொண்டே இருந்தாள். ஸ்வெட்டர்கூடப் போடாமல் அந்தக் குளிரில் நின்றாள். அவன் திரும்பி வந்ததும் ஓடிப்போய் முகத்தருகே முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை.

"கடை முன்னாடி நின்னுட்டு வந்துட்டேன்க்கா" என்றான். "இன்னைக்கு வந்துட்டேன். நாளைக்கும் வருவேனான்னு தெரியல."

அவன் மேலே போனபிறகு செண்பகம் என்னிடம் கேட்டாள்: "மொட்டைக்கு எப்ப போறீய?"

"எதுக்கு? ஒரு பாடம்தானே தேறியிருக்கான். நிபந்தனை பூர்த்தியாகலையே."

"அப்ப பாதி மொட்டையாவது போட்டுட்டு வாங்க. ஒரு பக்கம் மட்டும். முருகன் பாத்துக்கிடட்டும் உங்க சட்டத்த."

கோபத்தில்தான் சொன்னாள். எனக்கு உறைத்தது வேறு. ஆறு வருடமோ ஏழு வருடமோ, இந்த மனிதனின் கையை முருகன் நடுங்காமல் வைத்திருக்கிறான். அதற்கு நான் எந்த விண்ணப்பமும் போட்டதில்லை, நிபந்தனையும் எழுதியதில்லை. அவன் பாட்டுக்குத் தந்துகொண்டிருந்தான். நான் மட்டும் வேலை முடிந்த சான்று வந்தால்தான் காணிக்கை என்று கவுண்ட்டரை மூடி வைத்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுதேன்.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிளாக் மூலையில் இருக்கும் முடிதிருத்தும் கடைக்குப் போய் மொட்டை என்றேன். பீகார்க்காரர். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "பாபுஜி, தாயாரா, தகப்பனாரா?" என்று இந்தியில் கேட்டார். என் வயதில் அந்தக் கேள்வியே ஒரு மரியாதை. சாமிக்கு என்றேன். அவர் நம்பவில்லை. துக்க மொட்டையில் அவர்கள் ஊர் வழக்கப்படி பின்னால் சிறு குடுமி விடவா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்கும் தலையை ஆட்டி வருத்தப்பட்டார்.

தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, அதன்மேல் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு மெட்ரோவில் மலைக்கோயிலுக்குப் போனேன். சன்னிதியில் குல்லாயைக் கழற்றினேன். "பாதி தந்திருக்கிறாய். முழுதும் கொண்டு வந்திருக்கிறேன். மீதியைத் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி. அவன் கையை மட்டும் விட்டுவிடாதே" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக நிபந்தனை இல்லாத ஒரு கடிதம்.

மறுநாளிலிருந்து தொடங்கியது. நம் ஊரில் மொட்டை என்றால் எந்தக் கோயில் என்று கேட்பார்கள். இங்கே மொட்டை என்றால் யார் போனது என்று கேட்பார்கள். இத்தனை வருடம் டெல்லியில் இருந்தும் அது எனக்குத் தோன்றவே இல்லை. காய்கறி வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் கூவுவதை நிறுத்திக்கொண்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, அஞ்சலிக் கூட்டம் எத்தனை மணிக்கு, வாட்ஸ்அப்பில் போடட்டுமா என்று கேட்டார். விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

மூன்றாம் நாள் மாலை எதிர் பிளாக்கிலிருந்து குலாட்டி மேடம் வந்தார். பஞ்சாபி அம்மாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கணவர் காலமானபிறகு அவரை வாசலைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. பூங்காவுக்கும் வருவதில்லை, குருத்வாராவுக்கும் போவதில்லை. அப்படிப்பட்டவர் வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, வலிக்கும் முழங்காலோடு தெருவைக் கடந்து வந்து, எங்கள் சோபாவில் கைகூப்பி உட்கார்ந்துவிட்டார்.

அன்று கிருத்திகை. செண்பகம் வழக்கம்போல கேசரி கிண்டியிருந்தாள். வந்தவருக்குத் தட்டில் வைத்து நீட்டினாள். குலாட்டி மேடம் கேசரியைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

"பெஹன்ஜி, துக்க வீட்டில் இனிப்பா?"

செண்பகத்துக்கு விஷயம் புரிந்து, தன் இந்தியில் அவசர அவசரமாகச் சொன்னாள். "யாரும் போகலை ஜி. எல்லாரும் இருக்காங்க. என் தம்பி கணக்குல ஃபெயில். அதுக்காக இவர் தலையை எடுத்துட்டார்."

குலாட்டி மேடம் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். துப்பட்டா நழுவி விழும்படி சிரித்தார். "அரே பாயி சாஹப்! முப்பது வருஷத்துக்கு மேல அரசுப் பள்ளியில கணக்கு சொல்லிக்கொடுத்தேன். என் பாடத்துக்காக ஒருத்தர்கூட மொட்டை போட்டதில்லை!"

கணக்கு டீச்சர். இருபது வருடமாக எதிர் பிளாக்கில். தெரியவே தெரியாது. துணைச் செயலாளர்கள் அண்டை வீட்டாரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

"எங்கே அந்த நாலாயக், அந்த உதவாக்கரை? நாளைக்கு அனுப்புங்க" என்றார். கேசரியை முழுவதும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மறுநாள் சங்கரன் போனான். எந்த இடம் புரியவில்லை என்று கேட்காமல், எதுவரை புரிகிறது என்று கேட்டிருக்கிறார். பின்னத்தில் நின்றது வண்டி. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. இதை வைத்துக்கொண்டா நான் சொன்ன இயற்கணிதத்துக்குத் தலையாட்டினான்! குலாட்டி மேடம் ஒரு ரொட்டியைத் துண்டு போட்டு அங்கிருந்தே தொடங்கினார். டூட்டி முடிந்ததும் நேரே அங்கே போவான். குடிக்கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் சாப்பாட்டு மேஜையில் கழிந்தது. இது தற்செயல் என்று சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

ஜன்னல் திறந்திருந்தால் எங்களுக்குக் கேட்கும். "பேட்டா, முடியில நரை வந்தாச்சு, எட்டேழு எவ்வளவுன்னு விரல்ல எண்ணுறே!" சங்கரனின் குரல்: "மேடம்ஜி, விரல் இருக்கிறது எதுக்கு?" அவருடைய சிரிப்பு. அந்த வீட்டு ஜன்னல் அத்தனை நாளும் மூடியே கிடந்தது என்று செண்பகம்தான் ஞாபகப்படுத்தினாள்.

மாசியில் மறுபடி எழுதினான். மார்ச் பாதி தாண்டியும் முடிவு வரவில்லை. கம்பெனியில் இவன் இடத்துக்கு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நான் யாருக்கும் முறையீடு எழுதவில்லை. பூஜை அறையில் உட்கார்ந்து முருகன் பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு காலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த சங்கரன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பயந்து ஓடினோம்.

"தேறிட்டேன்க்கா" என்றான். அக்கா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு எதிர் பிளாக்குக்கு ஓடினான். மதிப்பெண்ணைப் பார்த்த குலாட்டி மேடம், "இவ்வளவுதானா? வெளியே சொல்லாதே, என் பேர் கெட்டுப்போகும்" என்று அதட்டிவிட்டு அவன் தலையில் கைவைத்தாராம்.

மேனேஜர் அவனுக்குப் புது அடையாள அட்டை கொடுத்தார். எனக்கு இன்னும் வேலை காலியாக இருப்பதாகவும் சொல்லி அனுப்பினார்.

பங்குனி உத்திரத்தன்று எல்லோருமாக மலைக்கோயிலுக்குப் போனோம். குலாட்டி மேடமும் வந்தார். என் தலையை வாங்கிக்கொண்ட சாமியைப் பார்க்க வேண்டும் என்றார். படிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முழங்கால் ஒத்துழைக்காது, கீழேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றார். சங்கரன் தன்னோடு வந்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவரைப் பார்த்தான். இருவரும் கோயில்காரர்களிடம் ஒரு நாற்காலி வாங்கி, அவரை உட்காரவைத்து, தூக்கினார்கள். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"டரியே மத், மேடம்ஜி. நான் பிடிச்சிருக்கேன்" என்றான் சங்கரன்.

தினமும் நோயாளிகளிடம் சொல்கிற வார்த்தைதான். பின்னால் ஏறிக்கொண்டிருந்த நான் அதை மனதுக்குள் தமிழில் சொல்லிப்பார்த்தேன். பயப்படாதே, நான் பிடித்திருக்கிறேன். தையிலிருந்து இந்த ஒரு பதிலைத்தான் சன்னிதியில் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் எனக்கு முன்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது.

அன்பர்களே, உங்களில் யாருக்காவது இன்று ஒரு கதவு மூடியிருக்கலாம். எனக்குத் தெரிந்த எல்லா வழிமுறைகளையும் கேட்டால் சொல்லித் தருகிறேன், செய்யுங்கள். ஆனால் முருகனிடம் மட்டும் நிபந்தனை எழுதாதீர்கள். கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து வாசல் கதவைத் திறந்து வையுங்கள். யாராவது துக்கம் கேட்க வருவார்கள். உட்காரச் சொல்லிக் கேசரி கொடுங்கள்.