பன்னிரண்டாம் எபிசோடுக்குப் பிறகு

அண்ணன் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது அந்தக் கொரியத் தொடரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. காலை ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் மூன்று மணிக்குத் தாம்பரத்தில் இறக்கிவிடும். சேலையூரில் வீடு. அம்மா, அப்பா, அண்ணி, நான். அப்பா வர ஆறு மணி ஆகும். அதுவரை டிவி எங்கள் வசம்.

டிஸ்குகளைக் கொடுத்தவள் என்னோடு வேலை பார்த்த மணிப்பூர்ப் பெண். அவர்கள் ஊரில் கடைக்குக் கடை கொரியத் தொடர்கள்தானாம். காதல் கதை, கொஞ்சம் மாயமந்திரமும் உண்டு என்று மட்டும் சொன்னாள். நான் இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டும்.

முதல் எபிசோடிலேயே, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை படகு கவிழ்ந்து செத்துப்போனான். நான் பதறிப்போய் ரிமோட்டை எடுத்தேன். பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி, "இரு, நிறுத்தாத" என்றாள்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதி அண்ணன் போன நாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. சமைப்பாள், துணி மடிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். தானாக ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். நான் நிறுத்தவில்லை.

செத்தவன் திரும்பி வந்தான். அந்தப் பெண்ணின் வீட்டு முற்றத்தில் ஒரு பழமரம். அதன் கடைசிப் பழம் விழும்வரை அவன் அவளோடு இருக்கலாம் என்று மேலுலகத்தில் அனுமதி. அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான். பழங்கள் தக்காளி மாதிரி உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில் இருந்ததால் அண்ணி அதைத் தக்காளி மரம் என்றே சொன்னாள். அந்தப் பெண் ஏணி போட்டு ஏறி, பழங்களை ஒவ்வொன்றாக நூலால் கிளையோடு கட்டிவைத்தாள்.

அண்ணி தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். திரைக்குக் கீழே ஓடும் ஆங்கில வரிகளை நான்தான் தமிழில் படித்துச் சொல்வேன். செருப்பை வாசலில் விடுகிறார்கள், பெரியவர்களைக் குனிந்து கும்பிடுகிறார்கள், அப்பாவை அப்பா என்றே கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவும் அடிக்கடி எட்டிப்பார்த்தாள். என்னை இழுத்தது வேறு. வந்தவன் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அவளோடு முள்ளங்கி நறுக்கினான், குழாயைச் சரிசெய்தான், தூங்குகிறவள்மேல் போர்வையை இழுத்துவிட்டான். இருந்தான், அவ்வளவுதான். அது போதும் என்று தோன்றுகிற மாதிரி எடுத்திருந்தார்கள். அண்ணி திரையைப் பார்த்தபடியே பயறு பொறுக்குவாள். பொறுக்கின கல்லைத் திரும்ப முறத்திலேயே போடுவாள்.

பத்தாவது எபிசோடில்தான் எனக்குப் பயம் வந்தது. மரத்தில் கொஞ்சம் பழங்களே மிச்சம். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஒன்று சொன்னாள். கீழே எழுத்து வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று அர்த்தம்.

என் வாய் சட்டென்று வேறு சொன்னது. "சாப்பிட்டுட்டுப் போன்னு சொல்றா."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். "அதுக்கா இப்படி அழறா?"

நான் அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் மணிப்பூர்ப் பெண்ணிடம் முடிவு என்ன என்று கேட்டேன். அவன் போய்விடுவான், அவள் இருப்பாள், நன்றாக அழலாம் என்று சிரித்தாள். பன்னிரண்டாவது எபிசோடு வரைக்கும் காட்டினேன். கடைசி நான்கு எபிசோடுகள் உள்ள இரண்டு டிஸ்குகளைக் கம்பெனி லாக்கரில் வைத்துப் பூட்டினேன். வீட்டில், "அவகிட்டயும் இல்லையாம் அண்ணி. கிடைக்கறப்ப தரேன்னா" என்று பொய் சொன்னேன்.

"கடைல கிடைக்காதா?"

"பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில வேணா தேடணும்" என்றேன், பேச்சை முடிக்க.

அடுத்த நான்கு நாட்களும் பகலில் அவள் வீட்டிலிருந்த கடைசி டிஸ்கையே போட்டுப் போட்டுப் பார்த்தாள். "சத்தத்தைக்கூட வைக்கல. அந்த மரத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கா. இதையெல்லாம் ஏண்டி கொண்டுவந்த?" என்று அம்மா சமையலறையில் கிசுகிசுத்தாள். நான் மருந்து டப்பாவை எடுத்து என் பீரோவில் வைத்தேன். பின்கட்டுக் கொடியில் தொங்கிய பழைய நைலான் கயிற்றைக்கூட அவிழ்த்துச் சுருட்டி மறைத்தேன். செய்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் அண்ணி இல்லை. ஒரு மணிக்குச் சிவப்புப் புடவையில், தையல்காரரிடம் போகிறேன் என்று கிளம்பினாளாம். தையல் கடை தெருமுனையில் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது. அவள் செல்போன் பிரிட்ஜ்மேல் இருந்தது. கோவிலிலும் இல்லை. அம்மா வாசலில் நின்று, "அப்பாவுக்குப் போன் பண்ணட்டுமா, பண்ணட்டுமா" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். டிவி பக்கத்தில் டிஸ்க் மட்டும் வெறுமனே கிடந்தது. படம் போட்ட அதன் உறை இல்லை. அப்போதுதான் எனக்குச் சந்தை ஞாபகம் வந்தது.

தாம்பரத்தில் ரயில் ஏறினேன். சானடோரியம் தாண்டி, குரோம்பேட்டை வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பக்கத்துப் பெட்டி வாசலில் தொங்கிய ஆட்கள் முன்னால் எட்டிப்பார்த்தார்கள்.

"யாரோ அடிபட்டாங்களாம்."

"ஆம்பளையா?"

"பொம்பளன்னு சொல்றாங்க."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போகப் பார்த்தேன். லேடீஸ் பெட்டியில் பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் சாப்பிட்டுவிட்டுப் போ என்று மாற்றிச் சொன்னதும், லாக்கரின் சாவி என் கைப்பையில் கிடப்பதும்தான் மனதில் ஓடின. அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இன்று, என்ன நடக்கக்கூடும் என்று தெரிந்தே வந்திருந்தேன்.

வண்டி நகர்ந்தது. குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் யாரோ ஜன்னல் வழியே சொன்னார்கள், தண்டவாளத்தில் மாடு படுத்துவிட்டதாம். வேறொன்றுமில்லையாம். அந்த அம்மாள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

பல்லாவரம் சந்தையில் செடி, கோழி, பழைய மிக்ஸி, கிழிந்த சோபா என்று எல்லாவற்றுக்கும் நடுவே கூட்டம் நெரிந்தது. சிவப்புப் புடவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடினேன். டிஸ்க் விற்கிறவர்கள் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போனால், நான்காவது கடையில் அவள் நின்றாள். முகமெல்லாம் வெயில். கையில் அந்த உறை.

கடைக்காரர் என்னிடம் முறையிட்டார். "உங்க ஆளா மேடம்? ரெண்டு மணிலேர்ந்து சுத்திகினு கீது இந்தக்கா. சைனா படம் கீது, எட்த்துக்கோன்னா வோணான்னுது. கொரியாவுக்கு நான் இன்னா பண்றது, சொல்லு."

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லாம இப்படி வருவாங்களா? நாங்க என்ன நெனைக்கறது?"

"என்ன நெனச்ச?" என்றாள் நிதானமாக.

நான் அவள் தோளிலிருந்து கையை எடுத்தேன்.

"செத்துடுவேன்னு நெனச்சியா?"

"ஆமா அண்ணி."

அவள் உறையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "உன்கிட்ட இருக்கு, இல்ல? அன்னிக்கு அவ என்னையும் கூட்டிட்டுப் போன்னு சொன்னா. இங்கிலீஷ் தெரியாதுதான். அழறது தெரியும்."

அவசரத்தில் என் செல்போனையும் வீட்டிலேயே விட்டு வந்திருந்ததால், முதலில் ஒரு ரூபாய்ப் பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். நைலான் கயிற்றைச் சொன்னபோது அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அதான் துணி காயப்போட எடமில்லாம தேடினேனா?" பிறகு, "முடிவு எனக்குத் தெரியும். அவன் போயிடுவான். எப்படிப் போறான்னு பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

மறுநாள் டிஸ்குகளைக் கொண்டுவந்தேன். மூன்றரையிலிருந்து பார்த்தோம். அம்மாவும் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தையையும் மாற்றமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அப்பா ஆறு மணிக்கு வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, செய்தியும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

கடைசிப் பழத்தின் நூலை அந்தப் பெண்ணே கத்தரித்தாள். அவன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பி, ஒன்று சொன்னான். எழுத்து வந்தது. நான் தயங்கினேன். கிளம்புகிற யாரும் நம் வீடுகளில் சொல்லாத வார்த்தை அது.

"போயிட்டு வரேன்னா சொன்னான்?" அண்ணி கேட்டாள்.

"இல்ல அண்ணி. போறேன்னுதான் சொன்னான்."

அவள் தலையாட்டினாள். முகம் கோணியது. ஏழு மாதத்தில் முதல்முறையாக அழுதாள். வாய்விட்டு, தரையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். தூங்கட்டும்னு உங்கண்ணன் எழுப்பவே இல்ல. கதவு சாத்தற சத்தம் கேட்டுது. எழுந்திருக்கணும்னு நெனச்சேன், அப்படியே தூங்கிட்டேன்."

எங்களுக்கு அது தெரியாது. அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மாமியாரும் மருமகளும் அப்படி அழுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் பயறு முறத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பல நாள் காலையில் அவள் கண் வீங்கியிருக்கும். ஆனால் அழுகிறவளைப் பார்த்து நாங்கள் பயப்படவில்லை. அடுத்த தையில் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து அவளுக்கு மறுபடி கல்யாணம் பேசியபோது, எதிர்த்த சொந்தக்காரர்களிடம் சண்டைபோட்டது அம்மாதான்.

அந்தத் தொடர் முடிந்த பத்தாம் நாள், நான் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவும்போது அண்ணி பின்னால் வந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட வேற ஏதாவது இருக்கான்னு கேளேன்" என்றாள். "சிரிக்கற மாதிரி."