எதற்கும் பதறாத ஆள்

எங்கள் குடும்பத்திலேயே நிதானமான ஆள் நான்தான் என்று ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை கலர் ஒத்துவரவில்லை என்று என்னிடம் பனியன் வாங்கும் பையர் மொத்தச் சரக்கையும் திருப்பியபோது, "ஆகட்டுங்க, பார்த்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தவன் நான். வைத்த கையோடு நிட்டிங் மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதது மிஷினுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நம்பிக்கை அவிநாசி ரோட்டில் ஓர் ஓட்டல் ஹாலில் உடைந்தது. பத்தாவது முடித்திருந்த என் மகள் பாய்மரப் படகுப் பயணம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஆறே ஆறு பிள்ளைகள், கூட இரண்டு பெரியவர்கள், தூத்துக்குடிப் பக்கம் கரையை ஒட்டி ஐந்து நாள். படகு ஓட்டுவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் இருப்பது எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. கையில் செல்போன் கிடையாது. இதெல்லாம் குணத்தை வளர்க்குமாம். வீட்டில் சாப்பிட்ட தட்டைத் தாண்டிக்கொண்டு போகிறவளுக்கு எந்தக் குணம் வளரப்போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் சரி என்றேன்.

அந்த ஹாலில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் படகின் கேப்டன் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார். வெயிலில் கறுத்த, சத்தம் போடாமல் பேசுகிற ஒரு பெண்மணி.

"உங்க வீட்ல எதுக்கும் பதறாத ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்க. தினம் சாயங்காலம் அவருக்கு மட்டும் மெசேஜ் வரும். மத்தவங்க அவர்கிட்ட கேட்டுக்கட்டும்."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"எங்க மாமா" என்றாள் மகள்.

மாமா என்றால் என் மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி, துணியைச் சுருக்கம் எடுத்துக் கொடுக்கும் காம்பாக்டிங் யூனிட் வைத்திருப்பவன்.

வெளியே வந்ததும், "ஏன் கண்ணு, அப்பாவச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"நீங்க பதறுவீங்கப்பா. ஸ்கூட்டி பஞ்சர்னு போன் பண்ணுனதுக்கு, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டீங்க."

"சரி, அம்மா?"

"அம்மாகிட்டச் சொன்னா உங்ககிட்டச் சொன்ன மாதிரிதானுங்கப்பா."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பிக்குக் கிடைத்த பெருமையில் அவளுக்கும் பங்கு உண்டல்லவா.

முதல் நாள் சாயங்காலம் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, சேதி வந்துருச்சுங்க."

"ஃபார்வர்ட் பண்ணுங்க மாப்ள."

"கேப்டனம்மா ஒருத்தருக்குத்தான்னு சொல்லியிருக்காங்கல்ல? ஊட்டுக்கு வாங்க, படிச்சுக் காட்டறேன்."

என் மகளைப் பற்றித் தெரிந்துகொள்ள அவன் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டி, அதன் பிறகு படித்தான். "அனைவரும் நலம். உங்கள் பெண் இன்று வாந்தி எடுத்தார். பிறகு ரசம் வைத்தார்."

அவள் வைத்த ரசத்தை நான் இன்றுவரை குடித்ததில்லை. வயிறு எரிந்தது.

இரண்டாம் நாள் செய்தி இன்னும் மோசம். "உங்கள் பெண் இன்று சுக்கான் பிடித்தார்." என் கார் சாவியை அவள் தொட்டாலே நான் கத்துவேன். கடலில் ஒரு படகையே திருப்பியிருக்கிறாள், அது உலகத்திலேயே முதலில் தெரிந்தது இவனுக்கு! "நம்ம புள்ள கெட்டிக்காரி மாமா" என்று என் தோளைத் தட்டினான். நம்ம புள்ளையாம். அன்று அவன் வீட்டுக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே போனில் காற்றையும் அலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிங் டேபிள் பக்கம் போய், "மாஸ்டர், காத்து ஜாஸ்தியா இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறேன். "ஃபேனைக் கொறைச்சுக்கலாமுங்க மொதலாளி" என்றார் அவர்.

ஆறு மணிக்கு வரவேண்டிய அழைப்பு வரவில்லை. நானாக அழைத்தால் எடுக்கவில்லை. ஆறரைக்குப் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். அவன் வீட்டில் அவனுடைய மனைவி மட்டும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவிய இல்லீங்கண்ணா. நாலு மணிக்கே தூத்துக்குடிக்குக் கார எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஏன்? ஏதாச்சும் சேதி வந்துச்சா?"

"மத்தியானம் டிவியில ஏதோ காத்தழுத்தம்னு சொன்னாங்க. அதுலருந்தே அவியளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க. நீங்க பயந்துருவீங்களாம்."

மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கு நடுவே ஓர் ஓரத்தில் இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். பதறாத ஆள் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்! மறுபடி போன் அடித்தேன். இந்தத் தடவை எடுத்தான்.

"மாமா, லைன் போகலீங்க. படகுக்கு போன் பண்ணுனா சுவிட்ச் ஆஃப்னு வருதுங்க." குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"மாப்ள, வண்டிய ஓரங்கட்டுங்க. டீ குடிங்க. ஒண்ணும் ஆயிருக்காது."

"ஏனுங் மாமா, உங்களுக்குப் பயமாவே இல்லீங்களா?"

"எனக்கென்ன பயம்?" என்றேன். உட்கார்ந்திருந்த நாற்காலி என் கால் ஆடிய ஆட்டத்தில் கிரீச்சிட்டது. மச்சினன் மனைவி பூண்டை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அந்த ஒரு மணி நேரமும் அவனை நான்தான் தேற்றினேன். அவன் தேறினானோ என்னவோ, கேப்டன் இதைப் பார்க்க வேண்டும், முக்கியமாக மகள் பார்க்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அன்று நடந்தது இவ்வளவுதான். மதியத்துக்கு மேல் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. பிள்ளைகள் முறை போட்டுத் துடுப்பு வலித்து, இருட்டுகிற நேரத்தில் கரை சேர்ந்தார்கள். கேப்டனின் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது; கரையேறித்தான் போட முடிந்தது. ஏழரைக்கு, "அனைவரும் நலம்" என்று, இறங்கிய கரையின் பெயரோடு மச்சினனுக்குச் செய்தி வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அவன் மேற்கொண்டு போய், காலையில் அந்தக் கரையில் நின்றிருக்கிறான். கேப்டன் அவனுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, படகில் அரை மணி நேரம் ஏற்றிக்கொண்டு போனார். சுக்கான் பிடித்தது என் மகள். நான் திருப்பூரில் இருந்தேன்.