குறுக்கே வெட்டிய அட்டை

பணி ஓய்வு பெறுகிறவனுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுக்கலாம் என்று முதலில் யோசித்தவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க சைரன் சத்தத்துக்கு ஓடியவனுக்கு இனிமேல் மணி தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஓசூரில் எங்கள் தொழிற்பேட்டையில் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கும். ஒன்று ஓடாது, இன்னொன்று தப்பாக ஓடும். இரண்டிலும் கம்பெனி பேர் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

கடிகாரமே தேவலை என்று ஆக்கினார் எங்கள் மனிதவள அதிகாரி. பெங்களூரிலிருந்து தினமும் காரில் வருகிற சின்ன வயசு ஆள். வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்ப்பார், பார்த்ததையெல்லாம் வந்து இறங்கியதும் எங்கள் தலையில் கட்டுவார். அன்றைக்கும் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"சார், இது பாருங்க. மரத்துலயே புக் கவர். கீலே கிடையாது, மரமே வளையுது. எக்கோ ஃப்ரெண்ட்லி! உள்ள எல்லாரும் ஒரு லைன் எழுதி, ஃபோட்டோ ஒட்டிக் குடுத்துடலாம். லேசர்னா நீங்கதான சார்?"

லேசர் என்றால் நான்தான். ஆனால் என் மெஷின் பத்து மில்லி இரும்பை வெட்டுகிற மெஷின். அதன் கதிருக்கு மரம் ஒத்துவராது. பேனலுக்குப் பெயர்ப்பட்டையும் அக்ரிலிக் மூடியும் வெட்டுவதற்கு ஸ்டோர்ஸ் மூலையில் வேறொரு குட்டி மெஷின் கிடந்தது. அதற்கு நான் வைத்த பேர் இஸ்திரிப் பெட்டி. இருபது வருடம் தகடு வெட்டியவனை இஸ்திரிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து ப்ளைவுட் கீறச் சொல்கிறான் ஒரு வீடியோ பார்க்கிற பயல். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யாருக்கு என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன்.

பெண்டிங் மெஷின் ஓட்டுகிற அண்ணனுக்கு.

நான் வெட்டுகிற தகட்டை வளைப்பவர் அவர். பத்தொன்பது வருடம் என் மெஷினுக்கும் அவர் மெஷினுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் கோடுதான். தகட்டை வளைத்ததும் விரலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, "அரை டிகிரி தொறந்திருக்கு தம்பி" என்பார். கோணமானி வைத்துப் பார்த்தால் அரை டிகிரிதான் இருக்கும். குவாலிட்டி டிபார்ட்மெண்டில் டை கட்டிக்கொண்டு திரிகிறவர்களுக்கெல்லாம் மெஷின் வைத்து அளந்தால்கூட அரை டிகிரி தெரியாது.

அந்தக் கைக்கு அவர் வீட்டில் மரியாதை கிடையாது. குழாயைத் திருகினால் குழாய் கையோடு வரும், ரிமோட்டை அழுத்தினால் பட்டன் உள்ளே போய்விடும், கண்ணாடி டம்ளரோ கேட்கவே வேண்டாம். "எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர்ல டீ, எனக்கு மட்டும் எவர்சில்வரு. 'உன் முரட்டுக் கைக்கு இதான்'ங்கறா வூட்டுக்காரி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பில்லாத சிரிப்பு அது, எனக்குத் தெரியும்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது டீ வேளையில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"வூட்டுக்காரி வரா தம்பி. இருபத்தாறு வருசத்துல மொதத் தடவ கம்பெனி கேட்டுக்குள்ள வரா. என் கையப் பத்தி நாலு நல்ல வார்த்த அவ காதுல வுழணும். நீ மைக்ல பேசுவியா?"

மைக் பிடிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இருந்தாலும் சரி என்றேன். அட்டையையும் நானே வெட்டுகிறேன் என்றேன்.

வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் மூன்று மில்லி ப்ளைவுட்டில் ஒரே துண்டு. முதுகுப் பகுதியில் மட்டும் மேலிருந்து கீழாக, மறுபக்கம் வரை ஊடுருவுகிற மயிரிழைக் கீறல்கள். செங்கல் அடுக்குகிற மாதிரி ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடம் மாற்றிக் கீற வேண்டும். நடுவில் மிஞ்சுகிற மெல்லிய குச்சிகள் ஒவ்வொன்றும் துளித்துளி முறுக்கிக்கொடுக்க, மொத்த முதுகும் வளையும். அவ்வளவுதான் வித்தை. இதற்கு உலகமெங்கும் வாயைப் பிளக்கிறார்களாம்.

ஒரே ஒரு முடிவுதான் எடுக்க வேண்டியிருந்தது. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? இரும்புத் தகட்டுக்கும் அப்படி ஒரு ஓட்டம் உண்டு, ஆலையில் உருட்டிய திசை. தகட்டு வேலைக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: வளைக்கிற கோடு ஓட்டத்துக்குக் குறுக்கே போக வேண்டும், கூடவே போனால் தகடு வெடிக்கும். எனக்கு அது வேதம். ப்ளைவுட்டையும் அப்படியே வைத்தேன். நார் இடமிருந்து வலம், கீறல் மேலிருந்து கீழ். வெட்டி எடுத்து நாலு தடவை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது.

அண்ணன் வந்து எடுத்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் முதுகை ஒரு தடவை தேய்த்தார்.

"தம்பி, நாரு குறுக்க போவுதே. ஒடியும்."

"தகட்டுக்கு எப்புடின்னு உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

"தகடு வேற, மரம் வேற. குச்சிய நீளவாட்டுல சீவுனாத்தான் வளையும். குறுக்க அறுத்தா பொட்டுனு போயிடும். வெறகு பொளந்தவனக் கேளு."

"இது வெறகு இல்லண்ணா. லேசரு."

இதைச் சொல்லிவிட்டு நான் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதிகாரியைப் பார்த்தால் சிரிப்பேனே, அதே சிரிப்பு. அண்ணன் அட்டையை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தாள்கட்டைப் பின்னட்டையில் இரண்டு பித்தளை ஸ்க்ரூ போட்டு மாட்டிக் கொடுத்தேன். அது டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டாகச் சுற்றப் போனது. ஒருத்தன் இங்கிலீஷில் 'ஹேப்பி ரிட்டயர்ட் லைஃப்' என்று எழுத, அடுத்தவன் அதைப் பார்த்து எழுத, அவனைப் பார்த்து இன்னொருத்தன் எழுத, பரீட்சையில் காப்பி அடித்தவர்கள் தோற்றார்கள். அண்ணனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. என்னிடம் வந்தபோது இந்தக் கூட்டத்தில் நானுமா என்று எழுதாமலே அனுப்பிவிட்டேன். ஆளாளுக்கு ஃபோட்டோ வேறு ஒட்டியதில் புத்தகம் உப்பிப்போய்த் திரும்பி வந்தது.

விழா கேன்டீனில். அண்ணன் மனைவி முதல் வரிசையில், மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என் சட்டைப்பையில் நாலாக மடித்த தாள். கையைப் பற்றி, அரை டிகிரியைப் பற்றி, எல்லாம் எழுதி வைத்திருந்தேன். பேச்சுதான் முதலில் என்று இருந்தது. முதலாளி கிளம்ப வேண்டுமாம், அதனால் பரிசை முன்னால் இழுத்துவிட்டார் அதிகாரி.

"அண்ணா, கேமராவுக்குத் தொறந்து காட்டுங்க! இன்னும் கொஞ்சம்!"

அண்ணன் எவ்வளவு பதமாகத் திறந்தார் என்பதை நான் பார்த்தேன். முட்டையைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தார். பொட்டென்று ஒரு சத்தம். முதுகுக் குச்சிகள் வரிசையாக ஒடிந்து முன்னட்டை தனியாக அவர் வலது கையில் வந்துவிட்டது.

அதிகாரி விடுவாரா! மைக் கையில் இருக்கிறதே. "இருபத்தாறு வருஷம் இரும்பு வளைச்ச கை சார் இது! மரம் தாங்குமா?" என்றார். கேன்டீனே சிரித்தது. முதலாளி சிரித்தார். அண்ணன் மனைவி சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "நான் சொல்லல? எதத் தொட்டாலும் இதான்" என்றார். பின்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது, மேடையில் நின்றவருக்குக் கேட்காமலா இருக்கும்?

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு ஒடிந்த அட்டையைப் புத்தகத்தின் மேல் பொருத்தி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். அடுத்தவர்களைக் காறித் துப்புவதற்கு இருபது வருடமாக எச்சில் சேர்த்து வைத்திருந்த வாய், அன்றைக்குக் காய்ந்து கிடந்தது. 'தப்பு என்னுடையது' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? "அண்ணனுக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். தாள் பையிலேயே இருந்தது. தூ, நானும் ஒரு ஆள்.

மறுநாள் அதிகாரி, "மெட்டீரியல் ப்ராப்ளம் சார், விடுங்க. அடுத்த தடவ மூங்கில் பாட்டில் குடுத்துடலாம்" என்றார். எனக்காகச் சாக்கு கண்டுபிடிக்கிற ஆளையும் வெறுக்க முடிந்தது என்னால். அவர் போனதும் மீதித் துண்டில் இரண்டு முதுகு வெட்டினேன், ஒன்று நார் குறுக்கே, ஒன்று நார் கீறலோடு. குறுக்கே போனது ஏழாவது மடக்கில் ஒடிந்தது. மற்றதை டீ டம்ளரைச் சுற்றி வளைத்தேன், விரித்தேன், மறுபடி வளைத்தேன். கை ஓய்ந்ததே தவிர அது ஒடியவில்லை.

சரியான அட்டையை வெட்டி முடிக்க ஒரு மணி நேரம் போதும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு சூளகிரி போனேன். ஹைவேயிலிருந்து உள்ளே இறங்கி, புதுசாக முளைத்த ஷெட்டுகளைத் தாண்டினால் அவர் வீடு. அண்ணன் மனைவி, "வாங்க தம்பி" என்று பாயைத் தட்டிப் போட்டார். டீ வந்தது. எனக்குக் கண்ணாடி டம்ளர், அண்ணனுக்கு எவர்சில்வர்.

டிவிக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம். முதுகில் பழுப்பு நிற பேக்கிங் டேப்.

"இந்த மனுசன் கைவரிசையப் பாத்தீங்களா? அத்தன பேரு முன்னால மானம் போச்சு. வரவங்க போறவங்ககிட்டல்லாம் நான்தான் பதில் சொல்றன்" என்றார்.

அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக அவர் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பேரைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பையிலிருந்து புது அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கியதும் முதுகை நகத்தால் தேய்த்தார்.

"இப்ப நீளவாட்டு" என்றார்.

அவரே ஸ்க்ரூவைக் கழற்றி, தாள்கட்டைப் புது அட்டையில் மாட்டினார். குழந்தைக்குச் சட்டை போடுகிற கை. திறந்தார், மூடினார், திறந்தார். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"என்னா எழுதியிருக்குன்னு எங்களுக்கு எங்க தெரியுது? ஃபோட்டோதான் பாப்போம். நான் எட்டாவது வரைக்கும் படிச்சன், தமிழுன்னா படிப்பன்" என்றார் அவர் மனைவி.

அண்ணன் காலியாக இருந்த ஒரு பக்கத்தில் நிறுத்தி, பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"நீ மட்டுந்தான் எழுதல. பாத்தன்."

எழுதினேன். எழுதியதும் புத்தகத்தை அவரிடம் கொடுக்காமல் அவர் மனைவியிடம் கொடுத்தேன். அவர் விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகப் படித்தார்.

"இந்த அட்டை ஒடிந்தது என் தவறு. நாரைக் குறுக்கே வைத்து வெட்டியது நான். ஒடியும் என்று அண்ணன் முன்பே சொன்னார், நான் சிரித்தேன். எங்கள் ஃபேக்டரியிலேயே பதமான கை அவருடைய கை."

கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தார். அப்புறம் புருஷனைப் பார்த்தார்.

"நீ சொல்லவே இல்லியே?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அவர் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. கேட்காமலே இரண்டாவது டீ வந்தது.

அண்ணனுக்குக் கண்ணாடி டம்ளர். எனக்கு எவர்சில்வர்.