ஜோசபினின் இரண்டு சொட்டு

ஜோசபின் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. மராத்தி பேசும் போபோடியில் எங்கள் தமிழ்ச் சந்துக்குத் தண்ணீர் லாரி வந்தால் எல்லோரும் குடத்தோடு ஓடுவோம். அவள் செருப்பு வாரைச் சரியாக மாட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்துக் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்த அவள் அப்பா இறந்தபின், அங்கேயே அவளுக்கு வேலை கொடுத்தார்கள். மருந்தை எடைபோட்டு நிரப்பும் பிரிவு. தீப்பெட்டி, ஊக்கு, கொலுசு எல்லாவற்றையும் கேட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை என்று கேலி செய்வேன்.

நான் லக்ஷ்மி ரோட்டில் ஒரு புடவைக் கடையில் கவுண்ட்டரில் நின்றேன். 1998 மழைக்காலத்தில் என் முகம் முழுக்கப் பரு. அம்மா தினமும் தேங்காய் எண்ணெயை முகத்தில் தேய்த்துவிட்டாள், பரு அதில் குளித்துக் கொழுத்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தடவிக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன், கன்னம் கறுத்தது. கடை முதலாளி சேட் என்னைப் பின்னாலிருந்த குடோனில் புடவை மடிக்கப் போட்டார். தீபாவளிக்குள் முகம் தெளியாவிட்டால் கவுண்ட்டருக்கு வேறு பெண்ணைப் பார்ப்பதாக ஹிந்தியில் மரியாதையாகவே சொன்னார். குடோனுக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு நாள் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலியாவில் நர்ஸாக இருந்த ஜோசபினின் தங்கை மேரி, பருவுக்கு நல்லது என்று ஒரு சின்னக் கறுப்புக் குப்பி அனுப்பினாள். டீ ட்ரீ ஆயில். மூடியைத் திறந்தால் நீலகிரித் தைலத்துக்கு அண்ணன் போல வாடை. உடனே கேட்டேன், ஜோசபின் தரவில்லை. கூட வந்த இங்கிலீஷ் தாளை டிக்ஷனரியோடு படிக்க வேண்டுமாம். பத்து நாள் ஆக்கினாள். ஒரு பக்கத் தாளுக்குப் பத்து நாள்!

பிறகு ஒரு சின்ன ஸ்பூன் சூரியகாந்தி எண்ணெயில் இரண்டே சொட்டு விட்டுக் கலந்து, வேறொரு குப்பியில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டித் தந்தாள். முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ இல்லாவிட்டால் பருவின்மேல் மட்டும், தினம் ஒரு தடவை. கண் பக்கம் போகக் கூடாது, வாயில் படக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கேட்டுக் கேட்டு எனக்குக் கொட்டாவி வந்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இரண்டு சொட்டு எந்த மூலைக்கு? அவள் ஷிஃப்டுக்குப் போயிருந்தபோது அவள் அம்மாவிடம் நைசாகப் பேசிக் கறுப்புக் குப்பியை வாங்கினேன். பஞ்சில் நனைத்து முகம் முழுக்கப் பூசினேன். எரிந்தது. நம் ஆட்களுக்கு மருந்தென்றால் எரிய வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டேன். மாலைக்குள் முகம் வீங்கியது. மறுநாள் தோல் உரிந்தது.

ஜோசபின் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எவ்ளோ போட்டே? எத்தன மணிக்கு? எப்போ கழுவினே?"

சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க மாட்டாயா என்று அழுதேன்.

"ஃபேக்டரில ஏதாச்சும் ஆச்சுன்னா, ஏன்னு அப்புறம்தான்டி கேப்பாங்க. எவ்ளோன்னு தெரிஞ்சாதான் அடுத்தது பண்ண முடியும்."

அந்தத் தாளோடு என்னைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு க்ரீம் தந்து, புண் ஆறும்வரை வேறெதையும் தொடக்கூடாது என்றார். தீபாவளி போயிற்று. கவுண்ட்டரில் புதுப்பெண்ணின் வளையல் சத்தத்தைக் கேட்டபடி குடோனில் மடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி தொடங்கினோம், இந்தத் தடவை அவள் சொன்னபடி. ஞாயிறுதோறும் என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்திப் பருக்களை எண்ணுவாள். பதினாறு, பதினொன்று, ஆறு. பழைய கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பாள். வலிக்கிற கட்டி வந்தால் இதை நம்பாதே, நேரே டாக்டரிடம் போ என்பாள். தழும்பு கொஞ்சம் தங்கியது. ஆனாலும் சங்கராந்தி முடிந்து கல்யாண சீசன் தொடங்கியபோது, கூட்டம் தாங்காமல் குடோனுக்கு வந்த சேட் என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் வரச் சொன்னார்.

அன்று மாலை ஜோசபின் கடைக்கு வந்தாள், பச்சையில் ஒரு புடவை கேட்டாள். துணியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் முன்கையின் உட்புறம் இரண்டு பழுப்புத் தழும்பு தெரிந்தது. முன்பே பார்த்திருக்கிறேன், தோசைக்கல் சுட்டது என்றிருந்தாள். ஆனால் இரண்டும் ஒரே அளவு, ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோட்டில் இருந்தன.

"தோசக்கல்லு இப்டியா சுடும்?" என்றேன்.

புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "மேல இருக்கறது தைலமும் எண்ணெயும் பாதிக்குப் பாதி. கீழ இருக்கறது எதுவும் கலக்காதது. ரெண்டு சொட்டு, அஞ்சு சொட்டு, பத்து சொட்டு ஒண்ணும் பண்ணல. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள் பாக்கணும்ல?"

ஐந்து அளவு, பத்து நாள். தாள் படிக்கிறாள் என்று நான் சந்து முழுக்கக் கேலி செய்த அதே பத்து நாள். மடிப்புக் கலையாமல் புடவையை அவள் பக்கம் நகர்த்தினேன்.