பின்சுவர் ஏறிய நோயாளி

வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்ததற்கு இந்த நாட்டு அரசாங்கம் எனக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆம்பூரில் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். வாரம் ஒரு முறை வாசல் கதவின் பிளவு வழியாகப் பழுப்பு உறை ஒன்று பொத்தென்று உள்ளே விழும். அதற்குள் 'ஜைரோ' என்று ஒரு தாள். தபாலாபீசில் நீட்டினால் ரொக்கம். டாக்டர் எழுதிய 'சிக் நோட்' மட்டும் இருந்தால் போதும். யாரையும் கும்பிட வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம். இங்கிலாந்தின் வடக்கே, மழை விடாத ஓர் ஊரின் தோல் தொழிற்சாலையில் ஈரத்தோல் தூக்கும்போது என் இடுப்பு விட்டுப்போனது. அன்றிலிருந்து நான்கு மாதம் அந்த உறைதான் எங்களுக்குப் பாதிச் சோறு. ஆனாலும் அதைப் பிரிக்கும்போதெல்லாம் அடுத்தவன் சாமானைத் தொட்டதுபோலக் கை கூசும்.

என் மனைவி கிரேஸ் வேலூரில் நர்சு படித்தவள். அவளுக்குக் கிடைத்த வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் எழுபதுகளின் நடுவில் நான் இங்கே வந்து சேர்ந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. ஏற்கெனவே இரண்டு கலைந்தவை. ஏழாம் மாதத்தோடு வார்டு வேலையை நிறுத்திப் படுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உங்களுக்கு வர்ற பணம் இருக்குல்ல, வாடகைக்கு அது போதும். நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்" என்று கிரேஸ் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அந்தப் பழுப்பு உறையை நம்பித்தான் இருந்தது.

அந்த உறை ஏன் நின்றது என்று சொல்ல வேண்டுமானால் ஆம்பூரைச் சொல்ல வேண்டும். அங்கே பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் பதனிடும் டேனரியில் நான் ஆள் வருகை குறிக்கும் டைம்கீப்பர். வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் உண்டு. பெயர் இருந்தால் சர்க்கார் இன்சூரன்ஸ் கார்டு. கார்டு இருந்தால் உடம்புக்கு முடியாதபோது மருந்தும், படுத்த நாளுக்குப் பாதிச் சம்பளமும். ஆமாம், நம் ஊரிலும் அது இருந்தது! மீதிப் பேருக்குச் சுவர்தான் இருந்தது. இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டரின் ஜீப் வாசலில் நின்றால், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் நான் இரண்டு தட்டுத் தட்டுவேன். மஸ்டரில் இல்லாதவர்கள் தோல் பதனிடும் மரப்பட்டை மூட்டைகளில் கால் வைத்துப் பின்சுவர் ஏறி, ஆற்று மணலில் குதித்து உட்கார்ந்துகொள்வார்கள். ஜீப் போனதும் ஒற்றைத் தட்டு, திரும்பி வருவார்கள். மாட்டிக்கொண்டால் சொல்ல வேண்டியதையும் நான்தான் பாடம் சொல்லிவைத்திருந்தேன்: "நான் இங்க இல்லீங்க, சும்மா வந்தேன்."

முனுசாமி பள்ளிகொண்டாவிலிருந்து பஸ்ஸில் வருபவன். பதினோரு வருடம் சுண்ணாம்புக் குழியில் நின்றவன். நெஞ்சு இரைக்க ஆரம்பித்ததிலிருந்து மாதா மாதம் என் மேஜையருகே வந்து நிற்பான்.

"சார், என் பேர மஸ்டர்ல போட்டுடு சார். கார்டு இருந்தா நாலு நாள் படுக்கவாவது செய்வேன்."

"மொதலாளிகிட்ட சொல்றேன் முனுசாமி."

சொன்னதே இல்லை. சொன்னால் என் நாற்காலி ஆடும். பயந்தாங்கொள்ளி, வேறென்ன?

ஒருநாள் நான் இரண்டு தட்டுத் தட்டியும் முனுசாமியால் சுவர் ஏற முடியவில்லை. உச்சியில், ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக, இருமிக்கொண்டு மாட்டிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் பின்பக்கமே வந்துவிட்டார். "யாருய்யா அவன்?" என்று என்னைக் கேட்டார். அந்த ஒரு நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் பெயர் அன்றைக்கே மஸ்டரில் ஏறியிருக்கும்.

"தெரியலீங்க. தோல் துண்டு பொறுக்க வந்தவன்."

முனுசாமி என்னைப் பார்த்தான். அப்புறம் அவரிடம், "ஆமாங்கய்யா. நான் இங்க இல்லீங்க, சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் சரிந்து இறங்கினான். மறுபடி அவன் வேலைக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் பெண்சாதி வந்தாள். "சார், அவரு போய்ட்டாரு. இங்க வேல செஞ்சாருன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு சார், சர்க்காருல காட்டணும்."

"மஸ்டர்ல பேர் இல்லம்மா."

"அப்ப பதினோரு வருஷமா அவரு இங்க இன்னா பண்ணாரு?"

நான் பேனாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இனி இங்கிலாந்து. கிரேஸ் வார்டிலிருந்து நிற்க இன்னும் பத்து நாள் இருந்தது. காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு தட்டு. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன்: மழைக்கோட்டு, தோல் பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஃபைல். ஐயோ, இன்ஸ்பெக்டர்! நோயாளிகளை வீட்டில் வந்து பார்க்கும் அதிகாரிகள் இங்கே உண்டு என்பது எனக்குத் தெரியும். நான் நிஜ நோயாளி, கார்டு இருக்கிறது, நோட் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் தெரிந்தது மண்டைக்குத்தான். காலுக்கு யார் சொல்வது? சமையலறை வழியாக ஓடி, குப்பைத் தொட்டியின்மேல் கால் வைத்து, பின்சுவரில் ஏறிவிட்டேன். அங்கேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கால் முற்றத்தில், ஒரு கால் சந்தில். கதவு திறக்காததால் அந்த மனிதர் சந்து வழியாகச் சுற்றி வந்துவிட்டார்.

"மிஸ்டர் சாலமன்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"நோ சார். நான் இங்கே இல்லை. சும்மா வந்தேன்."

ஆங்கிலத்தில் அதே பாடம், பொருள் பிசகாமல். அவர் கோபப்படவில்லை. பையைக் கீழே வைத்து, என்னைத் தாங்கி மெதுவாக இறக்கிவிட்டார். பிறகு குப்பைத் தொட்டியை ஒரு பார்வை, சுவரின் உயரத்தை ஒரு பார்வை பார்த்து, ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் விழுந்த உறையில் ஜைரோ இல்லை, கடிதம் இருந்தது. சுவர் ஏறுகிறவனுக்கு இடுப்பு வலியா என்பதுதான் அதன் சாரம். மேல்முறையீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, "நிஜமாகவே நோயாளி என்றால் ஏன் ஓடினீர்கள்?" என்று கேட்டார்கள். முனுசாமியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள், "அவர் உங்கள் உறவினரா?" என்றாள். இல்லை என்றேன். "அப்படியானால் இதற்குச் சம்பந்தமில்லை." கதை முடிந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கிரேஸிடம் எல்லாவற்றையும் முதன்முறையாகச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அந்தாளு பேர நீங்க எழுதல. இப்ப உங்க பேரயும் நீங்களே அடிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். எட்டாம் மாதத்தில், வார்டில் நின்றுகொண்டிருக்கும்போதே வலி கண்டது. பெண் குழந்தை. அது அழவே இல்லை.

இப்போதும் முன்கதவை யாராவது தட்டினால் என் கால் பின்பக்கம்தான் திரும்புகிறது. சமையலறை ஜன்னல் வழியாக அந்தச் சுவர் தெரியும். அதற்கு அப்பால் ஒரு சந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்ப்பது பாலாற்று மணல். முனுசாமி அங்கே உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறான். ஜீப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. ஒற்றைத் தட்டுத் தட்டி அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டியவன் நான்தான். நான் இன்னும் தட்டவில்லை.