அணில் போட்ட கோலம்

மார்கழி வந்தால் ஊரப்பாக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வேலை குவிந்துவிடும். ரோஜாவைக் கவாத்து செய்ய வேண்டும், மல்லிக்கு இலை உருவ வேண்டும், கத்தரிக்கு மண் அணைக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்பதோடு சரி. எங்கள் வாசலில் இருப்பது ஒரே ஒரு கற்றாழை. அதுவும் என்னை நம்பி இல்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் நிஜத் தோட்டக்காரர். போன மார்கழியில், கோவிலம்பாக்கத்துத் தங்கைக்குக் காய்ச்சல் என்று கிளம்பியவர், மதில்மேல் படர்ந்த மஞ்சள் பூசணிக் கொடியை என்னிடம் ஒப்படைத்தார்.

“தம்பி, பொண்ணுக்குத் தலைப்பொங்கல். சீர்ல என் கொடிக் காய் ஒண்ணாவது போகணும். பனியில தேனீ சரியா வர்றதில்ல. காலைல ஆண் பூவைப் பறிச்சு, பெண் பூவுல தேய்ச்சு விட்ரு. அடியில குட்டியா உருண்டை இருந்தா பெண் பூ. மிச்ச ஆண் பூவைக் கோலத்துக்கு எடுத்துக்கோங்க.”

“கவலையே படாதீங்கக்கா” என்றேன், போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தபடி. மண்டையில் தங்கியது இரண்டே சொல்: பூ, பறி.

மறுநாள் மனைவி வாசலில் கோலம் போட்டுச் சாணி உருண்டை வைத்தாள். நீளக் காம்புப் பூ அதில் நிற்காமல் சாய்ந்தது. அடியில் உருண்டை இருந்த பூவோ ஜம்மென்று உட்கார்ந்தது. ஸ்டாண்டோடு வருகிறதே என்று பூரித்துப்போனேன். தினமும் அதையே தேடித்தேடிப் பறித்தேன். படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். கோவிலம்பாக்கத்திலிருந்து அக்கா இதயம் அனுப்பினார்.

திரும்பி வந்தவர் ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு பிஞ்சுகூட இல்லியே தம்பி? அந்த உருண்டைதான காயாகும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. “அணில்க்கா.”

நம்பிவிட்டார். அதுதான் கொடுமை. கொடியைச் சுற்றிப் பழைய புடவை கட்டினார். “பாவி, என் பொண்ணு சீர்லயா வாய வெச்ச!” என்று மரத்தைப் பார்த்துத் திட்டுவார். மதிலுக்கு இந்தப்பக்கம் காப்பியோடு நான் நிற்பேன். வேப்பமரத்து அணில் என்னையே உற்றுப் பார்ப்பதுபோல் இருக்கும்.

ஒருநாள் போனை நீட்டினார். நான் போட்ட கோலப் படம். விரலால் பெரிதாக்கியிருந்தார். சாணிக்கு மேலே பச்சை உருண்டை பளிச்சென்று தெரிந்தது.

“ஏன் தம்பி, இந்த அணிலு கோலமெல்லாம் போடுமா?”

ஊரையே கலாய்க்கும் நான், “மன்னிச்சிருங்கக்கா” என்றேன்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் பனிக்குல்லாவோடு மதிலோரம் நின்று பூவோடு பூவைத் தேய்த்தேன். “ஐயரே, முகூர்த்தம் முடிஞ்சுதா?” என்று ஜன்னலிலிருந்து மனைவி கேட்பாள். கடைசியில் ஒன்றே ஒன்று பிடித்தது. பொங்கலுக்கு அது டென்னிஸ் பந்து அளவுதான் வந்திருந்தது.

அக்கா அதையே பறித்தார். தாம்பரம் மார்க்கெட்டில் நான் வாங்கி வந்த பெரிய பூசணியின் பக்கத்தில் வைத்தார். கூடுவாஞ்சேரிச் சம்பந்தி வீட்டுக்கு என் காரில்தான் சீர் போனது.

“இதென்ன, இத்தினியூண்டு?” என்று சம்பந்தியம்மா சிரித்தார்.

“எங்க தெரு அணில் வளர்த்ததுங்க” என்றார் அக்கா.

தட்டைப் பிடித்திருந்த நான் குனிந்து, நேராகவே இருந்த வெற்றிலையை நேராக்கினேன்.